ஆறு டயருக்கு ஆறு எலுமிச்சை

ஜூன் 2

வானம் தெளிவு. காற்று மேற்கிலிருந்து, மிதமாக.

பதினான்கு மாதமாக என்னை ஒரு நாய்கூடச் சீந்தவில்லை. இன்று ஒரே நாளில் இரண்டு விமான நிறுவனங்கள் கூப்பிடுகின்றன. காலையில் ஒன்று மின்னஞ்சலில் வந்தது, மதியம் இன்னொன்றை ஜவ்வரிசி மூட்டை ஏற்றிப் போகும் டெம்போக்காரர் உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

மின்னஞ்சல் செம்பருந்து ஏர்லைன்ஸிலிருந்து. அவர்களிடம் நூற்று நாற்பது விமானங்கள். விமானிகள் வரிசையில் என் எண் 3,906. எங்கள் தொழிலில் அந்த எண்தான் ஜாதகம். யாருக்கு எந்தத் தடம், யாருக்குத் தீபாவளி விடுப்பு, யார் எப்போது கேப்டன் என்பதெல்லாம் சேர்ந்த தேதியை வைத்து அந்த எண்தான் சொல்லும். ஜூன் 30க்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதுவரை மற்றவர்கள் ஒப்புக்கொள்ள ஒப்புக்கொள்ள என் எண் பின்னால் தள்ளிக்கொண்டே போகும்.

டெம்போவில் வந்தது மாருதம் ஏர். ஜவ்வரிசி ஆலை முதலாளி அத்தப்பன் தொடங்கிய புது நிறுவனம். விமானம் ஒன்று. என் எண் 4. சங்ககிரியில் எங்கள் வீட்டிலிருந்து மொபெட்டில் இருபத்தைந்து நிமிடம். "மாசக் கடைசி வரைக்கும் வந்து பாருங்க, புடிச்சா இருங்க" என்று கையால் எழுதியிருந்தார்.

அப்பாவிடம் இரண்டையும் காட்டினேன். "பாக்காம எப்படிக் கண்ணு சொல்றது?" என்றார். லாரிக்காரர். டயரை உதைத்துப் பார்க்காமல் எந்த வண்டியைப் பற்றியும் வாய் திறக்க மாட்டார். இருந்த மூன்று லாரியில் ஒன்றை விற்று என்னை விமானிப் படிப்புக்கு அனுப்பியவர் என்பதால் உதைக்கும் உரிமை அவருக்கு உண்டு.

நான் கடைசியாகப் பறந்தது பதினான்கு மாதத்துக்கு முன். அந்தக் கடலைக்காட்டு விஷயத்தை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. மொபெட்டுக்குக் காற்றடிக்க வேண்டும்.

ஜூன் 5

அப்பாவோடு மாருதம் பார்க்கப் போனேன். ஆலைக்குப் பின்னால் சொந்த ஓடுதளம். பாதி நீளத்துக்கு ஜவ்வரிசி காயப் போட்டிருந்தார்கள். மீதியில் விமானம் நின்றது. வெள்ளை உடம்பு, நீலக் கோடு, எழுபத்திரண்டு இருக்கை, விசிறி சுற்றி ஓடும் ரகம். விசிறி இல்லை. விசிறிக்குப் பின்னால் இருக்க வேண்டிய எஞ்சினும் இல்லை. இரண்டு இறக்கையிலும் அந்த இடத்தைத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"எஞ்சின் எங்கீங்க?" என்று அப்பா கேட்டார்.

"சர்வீசுக்குப் போயிருக்குதுங்க," என்றார் அத்தப்பன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மீசையில் ஜவ்வரிசி மாவு.

"எப்ப வருமுங்க?"

"வந்துருமுங்க."

அப்பா தலையாட்டினார். அவர் தொழிலில் எஞ்சின் சர்வீசுக்குப் போவதும் வராமல் இருப்பதும் சகஜம். கீழே குனிந்து எட்டிப் பார்த்தார், ஒவ்வொரு டயரையும் உதைத்தார். முன்னால் இரண்டு, நடுவில் நான்கு. "ஆறு டயரு. நம்ம பழைய வண்டியாட்டவே இருக்குது," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அத்தப்பனிடம், "பூசை போட்டாச்சுங்களா?" என்றார்.

"ஓடறப்பப் போட்டுக்கலாம்னு உட்டுட்டனுங்க."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. பூசை போடாத வண்டியில் தன் பிள்ளை உட்காருவதா? நேராகக் கடைக்குப் போய் ஆறு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து, ஆறு டயருக்கு முன்னாலும் ஒவ்வொன்று வைத்து, குங்குமம் தடவிச் சூடம் காட்டினார். இனி வண்டி அதன் மேல் ஏறி நசுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதுவரை பழத்தை எடுக்கக் கூடாது, மாற்றவும் கூடாது. எங்கள் ஊர் லாரிக்காரர்களுக்கு இதற்கு மேல் சட்டம் கிடையாது.

எனக்கு இடம் பிடித்துவிட்டது. ஏனென்று கேட்டால், அமைதியாக இருந்தது.

ஜூன் 6

முதல் பணிநாள். எம்.ஆர். 101, சென்னை, புறப்பாடு காலை 10.00.

எஞ்சின் இல்லாமல் எப்படிச் சேவை என்று நான் கேட்கவில்லை. அத்தப்பனே சொன்னார். "கடையத் தொறந்து வெச்சிருந்தாத்தானுங்க வாடிக்கை நிக்கும். சரக்கு பின்னால வரட்டும்." ஆகவே தினமும் எல்லாமே நடக்கிறது. பயணச்சீட்டு கிழிக்கிறார்கள், பெட்டியை எடை போடுகிறார்கள், வரிசையில் நிற்க வைத்து ஏற்றுகிறார்கள். முன்வரிசைகளில் கனமானவர்களாகப் பார்த்து உட்கார வைக்கிறார்கள். எஞ்சின் பாரம் இல்லாததால், பின்னால் கூட்டம் சேர்ந்தால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். வாலுக்குக் கீழே ஒரு முட்டுக்கட்டை வேறு.

கேப்டன் ஞானதுரைக்கு அறுபத்தேழு வயது. தூத்துக்குடிக்காரர். பத்தொன்பதாயிரம் மணி நேரம் பறந்தவர். இந்த வயதில் பயணிகள் விமானம் ஓட்ட அனுமதி கிடையாது. ஆனால் இதை அவர் ஓட்டவில்லையே. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, புறப்படுமுன் சரிபார்க்கும் பட்டியலை வரி விடாமல் படித்தார்.

"நம்பர் ஒன் எஞ்சின்?"

"இல்லை, கேப்டன்."

"நம்பர் டூ?"

"இல்லை, கேப்டன்."

"நல்லது," என்று இரண்டுக்கும் டிக் அடித்தார்.

சரியாகப் பத்துக்குக் கதவு மூடினார்கள். இடுப்புப் பட்டை போடுவது எப்படி என்று காட்டினார்கள். இட்லி கொடுத்தார்கள், ஜவ்வரிசிப் பாயசம் கொடுத்தார்கள். பதினொன்று ஐந்துக்குக் கதவைத் திறந்தார்கள். பயணிகள் ஏறிய ஏணியிலேயே கும்பிட்டு நன்றி சொல்லி இறங்கினார்கள். நிஜமாகவே சென்னை போக வேண்டியவர்களுக்கு வெளியே பேருந்து நிற்கிறது. அந்தப் பேருந்து அடிக்கடி தாமதம் என்று குறை சொல்கிறார்கள். விமானத்தின் மேல் இதுவரை ஒரு புகாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 9

செம்பருந்திலிருந்து காஞ்சனா என்ற பெண் பேசினார். டெல்லியிலேயே வளர்ந்த தமிழ். "மேடம், உங்க நம்பர் இப்போ 3,911. சீக்கிரம் டிசைட் பண்ணிடுங்க." சரி என்றேன். உடனே ஒப்புதலைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். பிறகு கொடியில் துணி காய்ந்திருப்பது ஞாபகம் வந்து எழுந்து போனேன்.

ஜூன் 12

நிதானமாக யோசித்துப் பார்த்ததில் மாருதம்தான் சரி என்று படுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மாவுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. "வீட்டோட மாப்பிள்ளையாட்ட வீட்டோட விமானம்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். செம்பருந்தில் நான் கேப்டன் ஆக எட்டு வருடமாவது ஆகும். அங்கே சீருடைத் துணியும் மட்டம் என்று கேள்வி. மேலும் டெல்லிப் பக்கம் குளிர். எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது.

இதற்கு முன் எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் போனதே இல்லை என்று அம்மா சொல்கிறாள். அவளுக்கு மறந்திருக்கும்.

போன வருடம் தேர்வின்போது செம்பருந்து சிமுலேட்டரில் தொண்ணூற்றாறு மதிப்பெண் வாங்கினேன். அதில் கை நடுங்கவே இல்லை. அதைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள்.

ஜூன் 14

மூன்றாம் எண்ணில் இருந்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். நான் 3.

ஜூன் 17

அம்மா இன்று பயணியாக வந்தாள். பட்டுச்சேலை. முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அதற்கான காரணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை.

கேப்டன் என்னையே அறிவிப்புச் செய்யச் சொன்னார். என்ன சொல்வது? பறக்கிறோம் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. "பயணிகளுக்கு வணக்கம். நாம் கடல் மட்டத்திலிருந்து எண்ணூற்றைம்பது அடி உயரத்தில் இருக்கிறோம். வெளியே வெப்பம் முப்பத்தாறு டிகிரி. இடது பக்கம் பார்த்தால் ஜவ்வரிசி காய்வது தெரியும்" என்றேன். கைதட்டினார்கள். தரையே அந்த உயரம்தான்.

இறங்கும்போது அம்மா என் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள். "பயமே தெரியல கண்ணு. நீ அப்படி ஓட்டற," என்றாள். எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். அதிலும் தண்ணீர் வரவில்லை, குடிநீர்ப் பாட்டிலில்தான் கழுவினேன்.

ஜூன் 18

இரண்டாம் எண்ணில் இருந்தவர் மாமனாரின் முட்டைக்கோழிப் பண்ணையைப் பார்த்துக்கொள்ள நாமக்கல் போய்விட்டார். நான் 2.

ஜூன் 20

ஆறு எலுமிச்சையும் காய்ந்து சுருங்கிவிட்டன. தரைப் பணியாளர்கள் அவற்றை மிதிக்காமலிருக்கச் சுற்றிலும் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருக்கிறார்கள். இது பாதுகாப்பு ஏற்பாடு என்று நினைத்துப் பயணிகளும் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

அப்பா தினமும் லாரியை அந்தப் பக்கமாக விட்டு வேலிக்கு வெளியே நின்று பழங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார். இன்று ராகிக்களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "நசுங்காத எலுமிச்சம்பழத்த முன்னால வெச்சுக்கிட்டு என்ற புள்ள தெனமும் போய் ஒக்காந்திருக்குது. எனக்குச் சோறு எறங்கல," என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் நேராகச் சொல்லவில்லை.

காஞ்சனா பேசினார். 3,924. "மேடம், வேற ஆஃபர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அங்கே என் எண் 2 என்றேன். "எத்தனை பேர்ல?" என்றார். எனக்கு வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 23

கேப்டன் ஞானதுரை வேலையை விட்டுவிட்டார். முட்டி வலியாம், ஏணி ஏற முடியவில்லையாம். பத்தொன்பதாயிரம் மணி நேரத்தில் தன்னால் ஆகாமல் போனது பன்னிரண்டு படிதான் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

கிளம்பும்போது தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, நீ வந்ததுல இருந்து பாக்கேன். இங்க வாற பயலுவ எல்லாம் வந்த மறுநாளே எஞ்சின் எப்ப வரும்னு கேப்பானுவ. பாயசம் ஊத்துற பிள்ளைகூடக் கேட்டுச்சு. நீ மட்டும் ஒரு நாளும் கேக்கலியே?" என்றார்.

மரியாதை கருதிக் கேட்கவில்லை என்றேன். சரி என்று போய்விட்டார்.

நான் எண் 1. தோளில் கேப்டனுக்கான நான்கு கோடு. பக்கத்து இருக்கைக்கு ஆள் இல்லை. பட்டியலை நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 24

எஞ்சின் எப்போது வரும் என்று அத்தப்பனிடம் கேட்டேன். "வந்துருமுங்க" என்றார். கேட்டாயிற்று. இனி யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது.

ஜூன் 27, வெள்ளி

எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. முதலில் நேரப்படி எழுதுகிறேன், அதுதான் எனக்குத் தெரியும்.

9.40. முப்பத்தொரு பயணிகள் ஏறினார்கள். அப்பா லாரியோடு உள்ளே வந்தார். மூக்குச் சக்கரத்துக்கு முன்னால் லாரியைப் பின்பக்கமாக விட்டு நிறுத்தி, இரும்புச் சங்கிலியை எடுத்தார். அத்தப்பனிடம் பேசி முடித்துவிட்டாராம். எஞ்சின் வரும்போது வரட்டும், வண்டியை நாலடி இழுத்துப் பழத்தை நசுக்கிவிடலாம் என்று ஏற்பாடு. சாத்திரம் டயர் உருள வேண்டும் என்றுதான் சொல்கிறது, எதனால் உருள வேண்டும் என்று சொல்லவில்லை என்பது அப்பாவின் வாதம். காய்ந்த பழங்களுக்குப் பக்கத்தில் புதுப் பழம் ஆறும் வைத்தார். பழையதை எடுக்கக் கூடாது, அதனால் எடுக்கவில்லை.

9.55. வால் முட்டுக்கட்டையை எடுத்தார்கள். கனமானவர்கள் மூன்று பேரை இன்னும் முன்னால் நகர்த்தினார்கள்.

10.00. என் முன் கண்ணாடி முழுக்க அப்பாவின் லாரி. அதன் முதுகில் மஞ்சளில் "ஒலி எழுப்பவும்". சங்கிலி இறுகியது. விமானம் அசைந்தது.

அரையடிகூட நகர்ந்திருக்காது. நடந்து போகிறவர் நம்மை முந்திப் போகும் வேகம். நான் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து நின்றுவிட்டேன். மூக்கு குனிந்து எழுந்தது, உள்ளே பாயசம் கொட்டியது, சங்கிலி தெறித்து விழுந்தது. யாரோ கத்தினார்கள். அது நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

பயந்துவிட்டேன். வேறு மாதிரி எழுத முடியவில்லை. எனக்குப் பறக்கப் பயம். பதினான்கு மாதமாகப் பயம். நாலு கோடு போட்ட கேப்டன், பூட்டிய அறைக்குள், லாரி கட்டி இழுக்கும் வண்டியில், அரையடி நகர்ந்ததற்கு உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா கீழே வந்து நின்றார். பக்கத்துக் கண்ணாடியைத் திறந்தேன்.

"பிரேக் புடிச்சிட்டயா கண்ணு? பழத்துக்கும் டயருக்கும் வெரக்கடை கூட இல்லையே."

"அப்பா, நான் ஒரு கடலைக்காட்டுல எறக்கிட்டேனுங்கப்பா."

"எத?"

"விமானத்த. படிக்கறப்ப. தனியாப் போனப்ப எஞ்சின் நின்னு போச்சு. நாலு நிமிசம் சத்தமே இல்ல. உங்ககிட்டச் சொல்லல."

அப்பா டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த சங்கிலியைக் கீழே வைத்தார்.

"அடி பட்டுச்சா?"

"இல்லீங்கப்பா."

"வண்டிக்கு?"

"முன் சக்கரம் வளஞ்சு போச்சு."

"கடலைக்கு?"

"நாலஞ்சு பாத்தி போச்சுங்க. அந்தக்கா ஒண்ணும் சொல்லல. வேகவெச்ச கடல குடுத்தாங்க."

"எஞ்சின் இல்லாம எறக்கிட்ட," என்றார். கேள்வியா, என்னவென்று எனக்கு விளங்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி லாரிக்காரர் ஆகிவிட்டார். "அப்பறம்? இழுக்கட்டுமா, வேண்டாமா? முப்பது பேரு ஒக்காந்திருக்கறாங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முன்னால் மஞ்சள் எழுத்து. "ஹாரன் அடிச்சா இழுங்கப்பா," என்றேன். தரை ஆட்களைக் கூப்பிட விமானத்தில் ஒரு ஹாரன் உண்டு. அதை இதுவரை நான் தொட்டதில்லை. அப்பா சங்கிலியை மறுபடி மாட்டிவிட்டு லாரியில் ஏறி உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு பிரேக்கிலிருந்து ஒரு காலை எடுத்தேன், அடுத்த காலையும் எடுத்தேன். ஹாரனை அழுத்தினேன்.

நசுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. மேலே கேட்க வாய்ப்பே இல்லை என்கிறார்கள். எனக்குக் கேட்டது.

நாலடி. அதற்குள் மூன்று தடவை கத்தினேன். பிரேக்கைத் தொடவில்லை.

ஜூன் 28

அத்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. நேற்றிலிருந்து பயணச்சீட்டு கேட்டு வாசலில் கூட்டம். "இனிமேல் தெனமும் பத்தடி இழுத்தர்லாமுங்க. ஒங்கப்பா லாரியையே பேசிக்கலாம். நீங்க டைரக்டரா இருந்துக்குங்க," என்றார். நல்ல மனிதர். நாலு கோட்டையும் கழற்றி அவர் மேசையில் வைத்தபோது நிஜமாகவே வருத்தப்பட்டார். "சம்பளத்துல கொறையுங்களா?" என்றார். இல்லை, உயரத்தில்தான் குறை என்றேன்.

காஞ்சனாவுக்கு ஒப்புதல் அனுப்பினேன். தட்டச்சு செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதில் வந்தது: எண் 3,934. முதல் நாளே அனுப்பியிருந்தால் இருபத்தெட்டுப் பேருக்கு முன்னால் இருந்திருப்பேன். அந்த இருபத்தெட்டுப் பேரும் என்னைவிட முன்னால் தீபாவளிக்கு வீட்டுக்குப் போவார்கள். போகட்டும்.

எனக்குப் பயம் போகவில்லை. அதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜூன் 30

மதியம் டெல்லி ரயில். அம்மா கம்பளி இரண்டு, இட்லிப்பொடி, சேலம் மாம்பழம் ஒரு பெட்டி. "ஒனக்குத்தான் குளுரு ஒத்துக்காதே" என்று கிண்டல் செய்கிறாள். அப்பா பையில் எதையோ திணித்தார். திறந்து பார்க்க வேண்டாம், எதுவென்று தெரியும். நூற்று நாற்பது விமானத்துக்கும் காணாது என்று கவலைப்பட்டார்.

பிப்ரவரி 19

பயிற்சியெல்லாம் முடிந்து பயணிகளோடு முதல் நாள். துணை விமானி. சென்னையிலிருந்து கோயம்புத்தூர், புறப்பாடு காலை 10.00. பதினான்காம் வரிசையில் அப்பாவும் அம்மாவும். டயருக்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்பா கேட்டு, விடவில்லையாம். ஏணியில் ஏறும்போது எட்டினவரைக்கும் விமானத்தின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாராம்.

எஞ்சின் இரண்டும் இருந்தன. நான் இரண்டு முறை கேட்டதில் கேப்டன் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஓடுபாதையில் கை நடுங்கியது, எழும்பியபோதும் நின்றபாடில்லை. அந்தக் கையோடுதான் ஓட்டினேன். சங்ககிரிக்கு மேலே வரும்போது கீழே ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது, ஜவ்வரிசி. அதன் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை விமானம், அதற்கு முன்னால் ஒரு லாரி. மணி பத்து ஐம்பது. அங்கே இந்நேரம் பாயசம் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

இன்று பறந்தோம். பதினொரு நிமிடம் தாமதம்.